வெலிக்கி நோவ்கொரோத்: பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஒரே நாளில் போய் வருவதா, தங்குவதா?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். ஜூன் மாதக் கடைசியில் நானும் மனைவியும் என் அப்பாவும் ரஷ்யா போகிறோம். மாஸ்கோவில் இறங்கிச் சில நாள், பிறகு பீட்டர்ஸ்பர்க்கில் சில நாள், அங்கிருந்தே ஊர் திரும்புவது என்று திட்டம். இதில் வெலிக்கி நோவ்கொரோத்தையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் மலிவாகக் கிடைத்த மாஸ்கோ அச்சுப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர். "மாஸ்கோ என்ற பெயர் ஏட்டில் ஏறியதே 1147-இல்தான், நோவ்கொரோத் 859-லேயே ஏறிவிட்டது" என்று சாப்பிடும்போதெல்லாம் பாடம் நடக்கிறது.

எங்கள் பயண முகவரோ, "அங்கே என்ன சார் இருக்கிறது? நாலு பழைய சர்ச். வேண்டுமானால் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து காலையில் போய் இரவு திரும்பிவிடுங்கள்" என்கிறார். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, அதிகம் நடக்க மாட்டார். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஒரு நாள் போதுமா? அல்லது வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு யாராவது ஒரு நல்ல காரணம் கொடுங்கள்.

நெவாநடை:
வணக்கம் சார். பீட்டர்ஸ்பர்க்கில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். ஒரே நாளில் போய் வர முடியும். மாஸ்கோவ்ஸ்கி ரயில் நிலையத்திலிருந்து 'லாஸ்தச்கா' மின்ரயில் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். உட்கார்ந்து போகும் வண்டி, வசதியாகவே இருக்கும். ஆனால் போக மூன்று, வர மூன்று என்று ஆறு மணி நேரம் ரயிலிலேயே கழிந்தால், முழங்கால் வலிக்காரருக்கு மிச்சமுள்ள நேரத்தில் கிரெம்ளினை, அதாவது அந்த ஊர்க் கோட்டையை, ஓடி ஓடிக் காட்ட வேண்டியிருக்கும். அப்பா ஆசைப்பட்டது இதற்காக இல்லை என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ரஷ்யாவில் நோவ்கொரோத் இரண்டு உண்டு. வோல்கா கரையில் இருக்கும் பெரிய தொழில் நகரம் நிஷ்னி நோவ்கொரோத். நீங்கள் கேட்பது வோல்கவ் ஆற்றங்கரையில் உள்ள வெலிக்கி நோவ்கொரோத். டிக்கெட் எடுக்கும்போது முன்னொட்டைப் பார்த்து எடுங்கள். மாஸ்கோவிலிருந்து ஒன்று கிழக்கே, மற்றது வடமேற்கே.

கணக்குப்பிள்ளை:
முகவர் சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வரைபடத்தை விரித்துப் பாருங்கள். நோவ்கொரோத் மாஸ்கோவுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் நடுவே இருக்கிறது, பீட்டர்ஸ்பர்க் பக்கமாக நன்றாகவே நெருங்கி. அதைப் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து போய் வரும் ஊராக வைத்தால் ஒரே தண்டவாளத்தில் முன்னும் பின்னும் அலைகிறீர்கள். மாஸ்கோவின் லெனின்கிராத்ஸ்கி நிலையத்திலிருந்து நோவ்கொரோத்துக்கு இரவு ரயில் இருக்கிறது. இரவு ஏறினால் விடியலில் ஊர். இரண்டு இரவு தங்கிவிட்டு, லாஸ்தச்காவில் மூன்று மணி நேரத்தில் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேருங்கள். மாஸ்கோவில் ஒரு ராத்திரி ஹோட்டல் செலவு மிச்சம். திரும்பிவரும் டிக்கெட்டும் மிச்சம்.

நால்வர் படுக்கை கொண்ட 'குப்பே' பெட்டியில் கீழ்ப் படுக்கைகளை எடுங்கள். மேல்படுக்கைக்கு ஏறுவது அப்பாவால் ஆகாது.

வைகைக்கரை:
அட, இது தோன்றவே இல்லையே! மிக்க நன்றி. ஆனால் இரண்டு இரவு தங்கும் அளவுக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்கிறாள். அவளுக்குப் பீட்டர்ஸ்பர்க் அரண்மனைகளில் ஒரு நாள் குறைவதில் வருத்தம்.

கல்தச்சன்:
அரண்மனை பார்க்கிற கண்ணோடு நோவ்கொரோத் போகாதீர்கள், ஏமாற்றமாக இருக்கும். அங்கே தங்கமும் பளிங்கும் இல்லை. மன்னனைச் சம்பளக்காரனைப் போல நடத்திய ஊர் அது. 1136-இல் இளவரசன் விஸெவொலோதைப் பிடிக்கவில்லை என்று குடும்பத்தோடு காவலில் வைத்துப் பிறகு வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு 'வெச்சே' என்ற ஊர்ச்சபைதான் எந்த இளவரசனை அழைப்பது, எவனை அனுப்பிவிடுவது என்று பார்த்துக்கொண்டது. ஆயரைக்கூட ஊரார்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1478-இல் மாஸ்கோவின் மூன்றாம் இவான் ஊரை விழுங்கியபோது செய்த முதல் காரியங்களில் ஒன்று, சபை கூட்ட அடிக்கும் மணியை இறக்கி மாஸ்கோவுக்கு வண்டி ஏற்றியது.

அப்பா சொல்லும் 859 பிற்காலத்து ஏடு தரும் ஆண்டு. இன்றைய நகரம் இருக்கும் இடத்தில் தோண்டியதில் கிடைக்கும் அடுக்குகள் பத்தாம் நூற்றாண்டிலிருந்தே தொடங்குகின்றன. அதற்கு முந்தைய குடியிருப்பு, ஆற்றின் மேல்பகுதியில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, 'ரூரிக் கொரொதிஷ்சே' என்ற மேட்டில் இருந்தது. இதை அவரிடம் சொல்லுங்கள், சண்டைக்கு வந்தாலும் ரசிப்பார்.

வைகைக்கரை:
சொன்னேன். "அப்படியானால் அந்த மேட்டையும் பார்க்க வேண்டும்" என்கிறார். வேலியில் போன ஓணானை எடுத்து விட்டுவிட்டீர்கள்.

மிளகுக்கொடி:
வைகைக்கரை அண்ணா, உங்கள் மனைவிக்கு நான் பதில் சொல்கிறேன். நானும் அரண்மனைப் பைத்தியம்தான், நோவ்கொரோத்துக்குக் கணவர் இழுத்துக்கொண்டு போனதால்தான் போனேன். கிரெம்ளின் உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தில் பூர்ச்ச மரப்பட்டைக் கடிதங்கள் இருக்கும் அறைக்குப் போன பிறகு அங்கிருந்து என்னைக் கிளப்பத்தான் அவர் படாத பாடு பட்டார்.

மையே இல்லாமல், எலும்பாலும் இரும்பாலும் செய்த எழுத்தாணியால் பட்டையின் உட்புறத்தில் கீறி எழுதியவை. நம் ஓலைச்சுவடி போலப் பாதுகாக்க எழுதியது இல்லை. படித்துவிட்டுக் கிழித்துத் தெருவில் எறிந்தவை. அந்த ஊரின் ஈரக் களிமண்ணில் காற்றுப் புகாததால் மட்கிப் போகவில்லை. 1951 ஜூலை 26-ஆம் தேதி முதல் கடிதம் அகப்பட்டது. பார்த்தெடுத்தவர் நீனா அகூலவா என்ற பெண், அகழாய்வை நடத்தியவர் ஆர்த்தெமி ஆர்த்சிஹோவ்ஸ்கி. இன்று எண்ணிக்கை 1,100-ஐத் தாண்டிவிட்டது. அரசர் ஆணையோ வேதமோ எதிர்பார்த்துப் போனால், கடன் பாக்கி, மீன் கணக்கு, "எனக்கு ஒரு சட்டை அனுப்பு" என்பது போன்ற விஷயங்கள்!

அவற்றில் ஒன்று, பதினோராம் நூற்றாண்டுக் கடைசியில் ஒரு பெண் ஓர் ஆணுக்கு எழுதியது. மூன்று முறை ஆள் அனுப்பினேன், இந்த வாரம் நீ என்னிடம் வரவே இல்லை, என்மேல் என்ன கோபம் என்று கேட்கிறாள். அந்தப் பட்டையை யாரோ கிழித்து, முடிச்சுப் போட்டு எறிந்திருக்கிறார்கள். அவனா, அவளேயா, தெரியாது. 752-ஆம் எண் கடிதம்.

கல்தச்சன்:
அக்கா சொல்லாமல் விட்டது ஓன்ஃபிம். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பையன், ஆறேழு வயது இருக்கலாம் என்கிறார்கள். அவனுடைய எழுத்துப் பயிற்சிப் பட்டைகள் 1956-இல் மொத்தமாகக் கிடைத்தன. ஒரு பக்கம் அகர வரிசை, மறுபக்கம் படம். பழைய பட்டைக்கூடையின் நீள்வட்டமான அடிப்பாகம் ஒன்றில் நீண்ட கழுத்தும் சுருண்ட வாலும் கொண்ட ஒரு மிருகத்தை வரைந்து, "நான் ஒரு காட்டு விலங்கு" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறான். பாடம் சலித்துப்போய், குதிரை மேல் உட்கார்ந்து எதிரியை ஈட்டியால் குத்தும் வீரனாகத் தன்னையே வரைந்து, குழப்பம் வராமல் இருக்கத் தன் பெயரையும் எழுதி வைத்தான். இன்னொன்றில் வரிசையாக மனிதர்கள், ஆளுக்கு ஒரு கணக்கில் விரல்கள். மூன்று, ஐந்து, எட்டு. அகரவரிசை தெரிந்த அளவுக்கு எண்ணிக்கை தெரியவில்லை.

நெவாநடை:
அங்கே தெருவே அடுக்கடுக்காகப் புதைந்திருக்கிறது. சேற்று நிலம் என்பதால் மரக்கட்டைகளைப் பரப்பித் தெரு போடுவார்கள். அது அமிழ அமிழ மேலே புதிதாகப் போடுவார்கள். வெலிக்கயா தெருவைத் தோண்டியபோது ஒன்றன்மேல் ஒன்றாக 28 மரத்தளங்கள் இருந்தன. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி ஒவ்வொரு தளத்தின் காலத்தையும் கணக்கிட்டார்கள். ஒரு கடிதம் எந்தத் தளத்து மட்டத்தில் கிடைத்ததோ அதை வைத்து அதன் வயதையும் சொல்லிவிடலாம். கோடையில் போகிறீர்கள், எங்காவது அகழாய்வு நடந்துகொண்டிருந்தால் வேலிக்கு வெளியே நின்றாவது அப்பாவுக்குக் காட்டுங்கள்.

சாலைவேந்தன்:
எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன். ஊர் முக்கால்வாசி சோவியத் காலத்து அடுக்குமாடிக் கட்டடங்கள். பழைய தெரு, பழைய வீடு என்று சுற்றலாம் என்று எதிர்பார்த்தால் கிடைக்காது. கோயில்கள் ஒன்றைப்போல் ஒன்று, வெள்ளைச் சுவர், ஒரு கும்மட்டம். பல போருக்குப் பிறகு திரும்பக் கட்டியவை. அசல் வேண்டும் என்றால் சூஸ்தல் என்ற பழைய சிற்றூருக்குப் போங்கள். மாஸ்கோவிலிருந்து பக்கம்தான்.

கல்தச்சன்:
திரும்பக் கட்டியதற்குக் காரணம் இருக்கிறது, நண்பரே. 1941 ஆகஸ்டில் ஜெர்மானியர் பிடித்த ஊர், 1944 ஜனவரி 20-இல் மீண்டபோது குடியிருக்கத் தக்க வீடுகளாக ஏறக்குறைய நாற்பதுதான் மிஞ்சின. போர்முனை ஊரின் கிழக்கு விளிம்பில், மாலி வோல்கவெத்ஸ் என்ற கிளையாற்றை ஒட்டி நின்றது, அந்தப் பக்கம் சோவியத் செஞ்சேனை, இந்தப் பக்கம் ஜெர்மானியர். நடுவில் அகப்பட்ட கோயில்கள் என்னவாகும்? 1198-இல் கட்டிய நெரெதித்சா கோயிலில் சுவர் முழுக்கப் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஓவியம் இருந்தது. குண்டில் போய்விட்டது. இன்று நிற்பது மறுகட்டுமானம், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் பழைய ஓவியம். வோலொதவோ கோயிலில் இடிபாட்டிலிருந்து லட்சக்கணக்கான ஓவியத் துண்டுகளைப் பொறுக்கி, ஆண்டுக்கணக்கில் பொருத்திப் பொருத்தி ஒட்டியிருக்கிறார்கள். அதை 'அசல் இல்லை' என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சூஸ்தல் அழகான ஊர்தான், யார் இல்லை என்றது? ஆனால் அது அழகாக வைக்கப்பட்ட ஊர்.

அசல்தான் வேண்டும் என்றால் கிரெம்ளினில் இருக்கும் சோபியா பேராலயத்துக்குள் போங்கள். 1045-இல் தொடங்கி 1050-இல் முடித்தார்கள். ராஜேந்திர சோழனுக்குப் பின் அவன் மகன்கள் ஆண்ட காலம். வெளியே மேற்கு வாசலில் இருக்கும் வெண்கலக் கதவை உட்கார்ந்து பாருங்கள், பெரிய விழா நாட்களைத் தவிர மூடியே இருக்கும், அதனால் முழுதாகப் பார்க்கலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மாக்டெபுர்க்கில் வார்த்தது. வேதாகமக் காட்சிகளுக்கு நடுவே கீழ் இடது பக்கத்தில் மூன்று சிறு உருவங்கள். தராசு பிடித்திருப்பவன் ரிக்வின், இடுக்கி பிடித்தவன் வைஸ்முத், இருவரும் வார்த்தவர்கள். நடுவில் சுத்தியலும் இடுக்கியுமாக நிற்பவன் ஆவ்ராம், பிற்பாடு நோவ்கொரோத்தில் கதவைப் பொருத்திய கைவினைஞன் என்கிறார்கள். வேலை முடிந்ததும் மற்றவர்களோடு தானும் நின்றுகொண்டான்.

சாலைவேந்தன்:
சரி, கதவுக்காக ஒரு மதிப்பெண் தருகிறேன். மற்றபடி என் கருத்தில் மாற்றமில்லை. இரண்டு இரவு அதிகம்.

செங்கதிர்:
யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். 2022 பிப்ரவரியிலிருந்து அந்த நாடு பக்கத்து நாட்டின்மேல் போர் நடத்திக்கொண்டிருக்கிறது. இப்போது அங்கே சுற்றுலா போவது சரியா? நோவ்கொரோத் சோபியாவைக் கட்டியவன் கீவ் நகரத்து யாரொஸ்லாவின் மகன். கீவிலும் அதே பெயரில், அதற்குச் சற்று மூத்த பேராலயம் இருக்கிறது. 2025 ஜூனில் ரஷ்யத் தாக்குதலின் வெடிப்பதிர்வில் அதன் சுவர் விளிம்பு சேதமானது. தங்கையைப் பார்க்கப் போகிறவர்கள் அக்காளுக்கு என்ன நடக்கிறது என்றும் தெரிந்துகொண்டு போங்கள்.

வைகைக்கரை:
செங்கதிர், நீங்கள் கேட்டது எங்கள் வீட்டிலும் பேசியதுதான். என் மனைவி முதலில் இதே காரணத்துக்காக வேண்டாம் என்றாள். அப்பாவுக்கு வயது 74. "போர் முடியட்டும் என்று காத்திருந்தால் நான் முடிந்துவிடுவேன்" என்றார். அதற்கு மேல் எங்களால் பேச முடியவில்லை. உங்கள் கருத்தை மதிக்கிறேன். போகிறோம்.

செங்கதிர்:
அப்பாவின் ஆசையை நான் குறை சொல்லவில்லை ஐயா. கண்ணைத் திறந்துகொண்டு போங்கள், அவ்வளவுதான். நான் போக மாட்டேன்.

மிளகுக்கொடி:
நியாயம், தத்துவம் ஒரு பக்கம் இருக்கட்டும், பாதுகாப்பு விஷயமாகச் சில. ட்ரோன் அச்சுறுத்தல் வரும்போது மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் விமான நிலையங்களைத் திடீர் என்று சில மணி நேரம் மூடிவிடுகிறார்கள். அதனால் இணைப்பு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். திரும்பும் நாளுக்கு முந்தின நாளே பீட்டர்ஸ்பர்க்கில் இருங்கள். செல்பேசி இணையம் சில இடங்களில் நாள் கணக்கில் வராது. வெளிநாட்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு நாட்டுக்குள் நுழைந்ததும் முதல் ஒரு நாள் இணையம் நிறுத்திவைக்கப்படுகிறது. உள்ளூர் சிம் வாங்க இப்போது முகம், குரல் பதிவெல்லாம் கேட்கிறார்கள், குறுகிய பயணத்துக்கு அந்தத் தலைவலி எதற்கு? வரைபடம், மொழிபெயர்ப்பு இரண்டையும் இணையமில்லாமல் இயங்கும்படி ஊரிலேயே இறக்கி வையுங்கள். ஹோட்டல் முகவரியை ரஷ்ய எழுத்தில் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள், அப்பாவின் பையிலும் ஒன்று.

பயணக் காப்பீட்டில் போர் தொடர்பான இழப்புக்கு விலக்கு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ராணுவ வண்டி, ரயில் பாலம் எதையும் படம் எடுக்காதீர்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பேச்சுக் கொடுத்தால் நின்று கேட்கவே கேட்காதீர்கள். அப்படிப் போய் ராணுவத்தில் சிக்கிக்கொண்ட இந்திய இளைஞர்களைப் பற்றி நம் வெளியுறவுத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. அண்ணாவுக்கு அந்த வயது இல்லை, ஆனால் இந்த இழையை இளைஞர்களும் படிப்பார்கள்.

வைகைக்கரை:
நன்றி அம்மா. "அந்த வயது இல்லை" என்பதை மட்டும் மனைவி சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

பணம், விசா பற்றி யாராவது சொல்ல முடியுமா? முகவர் விசாவுக்குத் தலைக்கு ஒரு பெரிய தொகை கேட்கிறார்.

கணக்குப்பிள்ளை:
முகவருக்கு ஒரு காசு கொடுக்க வேண்டாம். 2023 ஆகஸ்டிலிருந்து இந்தியர்களுக்கு மின்விசா இருக்கிறது. ரஷ்ய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஒரு புகைப்படம், பாஸ்போர்ட்டின் படம், கட்டணம் ஐம்பது டாலர் அளவில். அழைப்புக் கடிதமோ ஹோட்டல் முன்பதிவுச் சான்றோ தேவையில்லை. நான்கு நாட்களில் வந்துவிடும். முதலில் 16 நாள்தான் தங்க விட்டார்கள். 2025 ஆகஸ்டு முதல் 30 நாள். ஒரு முறைதான் நுழையலாம். குறிப்பிட்ட எல்லைச் சாவடிகள் வழியாகத்தான் வர வேண்டும், மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் விமான நிலையங்கள் பட்டியலில் உண்டு.

பணம் பெரிய விஷயம், கவனமாகப் படியுங்கள். 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டில் கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்யாது. ஏடிஎம்மிலும் செய்யாது, கடையிலும் செய்யாது. கையில் ரொக்கமாக டாலரோ யூரோவோ கொண்டுபோவதுதான் வழி. பொதுவாக வெளிநாடு போகிறவர்கள் நோட்டாக எடுத்துப்போக 3,000 டாலர் வரம்பு உண்டு என்று நாணய மாற்றுக் கடையில் சொல்வார்கள். ரஷ்யா, ஈரான், முன்னாள் சோவியத் குடியரசுகள் சிலவற்றுக்கு ரிசர்வ் வங்கி விதியில் விலக்கு இருக்கிறது, தொகை முழுவதையும் நோட்டாகவே வாங்கலாம். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் விதியைக் காட்டுங்கள். 10,000 டாலருக்கு மேல் போனால் ரஷ்யச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். மூன்று பேருக்கு அவ்வளவு எதற்கு?

நோட்டு புதிதாக, மடிப்பும் கிறுக்கலும் இல்லாமல் இருக்க வேண்டும். பேனாக் கோடு விழுந்த நூறு டாலர் நோட்டை ஒரு வங்கியில் திருப்பித் தந்துவிட்டார்கள், அதே நோட்டை எதிர்த் தெருவில் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மாஸ்கோவிலேயே போதுமான அளவு மாற்றிக்கொள்ளுங்கள். வங்கிக் கிளையில், பாஸ்போர்ட்டோடு. இந்திய ரூபாயை எங்கும் நம்பாதீர்கள்.

நெவாநடை:
ஒன்று சேர்க்கிறேன். மேற்கத்திய முன்பதிவுத் தளங்கள் ரஷ்யாவை விட்டுப் போய்விட்டன. உள்ளூர்த் தளங்களில் 'வந்து பணம் தருகிறேன்' வசதியுள்ள ஹோட்டலாகப் பார்த்துப் பிடியுங்கள். இல்லையென்றால் ஹோட்டலுக்கு நேரடியாக மின்னஞ்சல் போடுங்கள், பெரும்பாலும் பதில் வரும். ரயில் டிக்கெட்டுக்கு உங்கள் அட்டை செல்லாது, மாஸ்கோ வந்ததும் நிலையத்தில் ரொக்கம் கொடுத்து வாங்கலாம். ஜூன் கடைசி கூட்டமான காலம், கீழ்ப் படுக்கை முதலில் தீர்ந்துபோகும். மாஸ்கோவில் தெரிந்தவர் யாராவது இருந்தால் முன்னாலேயே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

ஏழு வேலை நாளுக்கு மேல் ஓர் ஊரில் தங்கினால் இடப்பதிவு வேண்டும். ஹோட்டல்காரர்களே செய்துவிடுவார்கள்.

வைகைக்கரை:
சாப்பாடு? அப்பா பால், தயிர் சாப்பிடுவார். முட்டை கூடாது என்பதில் கறார்.

மிளகுக்கொடி:
அண்ணா, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு நோன்பு நாள் அதிகம். நோன்புக்கென்று சமைப்பதில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. "போஸ்த்னயே" என்று கேளுங்கள், உணவகக்காரருக்கு உடனே விளங்கும். "நான் சைவம்" என்று விளக்கினால் கோழி சாப்பிடுவீர்களா என்று கேட்பார்கள். ஒரே ஒரு கவனம், சில நோன்புகளில் மீன் அனுமதி உண்டு, எனவே மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜூனில் பேதுரு நோன்பு வரும், மடங்களின் சாப்பாட்டுக் கடைகளில் தேடாமலே கிடைக்கும். பக்வீட் கஞ்சி, காளான் சூப், உருளைக்கிழங்கு அடைத்த வரேனிகி (மாவில் முட்டை சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்), உப்பு வெள்ளரிக்காய், கம்பு ரொட்டி. ஜார்ஜிய உணவகம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். லோபியோ என்ற சிவப்பு ராஜ்மாக் குழம்பு நம் நாக்குக்குப் பிடிக்கும், கொத்தமல்லியும் போடுவார்கள். பிளினி (மெல்லிய தோசை மாதிரி), சிர்னிக்கி (பாலாடைக்கட்டி அடை) இரண்டிலும் முட்டை உண்டு, அப்பாவுக்கு ஆகாது. நாலு நாளுக்குப் பொடி வகைகள் எடுத்துப்போங்கள். எதற்கு வம்பு?

கல்தச்சன்:
சாப்பாடு முடிந்ததா? முழங்காலுக்கு வருவோம். நோவ்கொரோத் சமதரை, ஏற்றமே இல்லை. கிரெம்ளினை அங்கே 'தெத்தினெத்ஸ்' என்பார்கள். செங்கல் மதில், உள்ளே பேராலயம், அருங்காட்சியகம், 1862-இல் வைத்த ரஷ்ய ஆயிரமாண்டு நினைவுச்சின்னம் எல்லாம் சில நிமிட நடையில். நினைவுச்சின்னம் மணி வடிவில் இருக்கும், சுற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட வரலாற்று மனிதர்கள். அப்பாவை அதைச் சுற்றி வந்து 'பயங்கர' இவான் என்ற ரஷ்ய மன்னன் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். கிடைக்க மாட்டான். 1570-இல் அவன் படையோடு வந்து வாரக்கணக்கில் ஊராரை வெட்டியும் ஆற்றில் தள்ளியும் கொன்றான். இந்த ஊரில் அவன் சிலையை வைக்கத் துணியவில்லை. ஜெர்மானியர் இந்தச் சின்னத்தைத் துண்டுதுண்டாகக் கழற்றிவிட்டுப் போனதும், போர் முடிவதற்கு முன்பே 1944 நவம்பரில் மீண்டும் நிறுத்தியதும் தனிக்கதை. பழைய ஐந்து ரூபிள் நோட்டில் இதன் படம் இருக்கும்.

சோபியாவின் நடுக் கும்மட்டத்துச் சிலுவையில் ஒரு புறா இருக்கிறது, அண்ணாந்து பாருங்கள். அந்தக் கொலைகளைப் பார்த்துக் கல்லானது என்று ஊரில் சொல்வார்கள். போரில் ஜெர்மானியரோடு வந்த ஸ்பானியப் படையினர் அசல் சிலுவையை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார்கள். 2004-இல் திரும்ப வந்தது, இப்போது கோயிலுக்குள் வைத்திருக்கிறார்கள். மேலே இருப்பது நகல். சாலைவேந்தன் கவனிக்க.

அடுத்ததுதான் முக்கியம். நடைபாலம் தாண்டி ஆற்றின் அக்கரையில், இல்யின் தெருவில் ரட்சகர் உருமாற்றக் கோயில். 1378-இல் கிரேக்க ஓவியரான தியோஃபனெஸ் வரைந்த சுவரோவியங்களில் உறுதியாக அவருடையவை என்று சொல்லத் தக்கவை அங்கேதான் மிஞ்சியிருக்கின்றன. கும்மட்டத்திலிருந்து கிறிஸ்து குனிந்து பார்ப்பார். செங்காவி நிறத்து முகங்களின் மேல் வெள்ளைத் தூரிகை வீச்சு, மின்னல் வெட்டியதுபோல் நாலே நாலு கோடு. அதிலேயே கிழவரின் மூப்பும் களைப்பும் வந்துவிடும். மாடியில் ஓர் அறை இருக்கிறது, ஓவியங்கள் அங்கேதான் நன்றாகத் தப்பியிருக்கின்றன, ஆனால் படிக்கட்டு குறுகலானது. அப்பா கீழேயே உட்காரட்டும். மழை பெய்தாலோ ஈரம் அதிகமானாலோ அன்று கோயிலைத் திறக்க மாட்டார்கள், ஓவியம் கெட்டுவிடும் என்று. இரண்டு இரவு தங்கச் சொல்வதற்கு என் முதல் காரணம் இதுதான். ஒரு நாள் பயணத்தில் போய், அன்று மழை என்றால் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

சாலைவேந்தன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நான் போனபோது பூட்டித்தான் இருந்தது. காரணம் இப்போது தெரிகிறது.

கல்தச்சன்:
அப்படியானால் ஊரின் சிறந்த ஒன்றைப் பார்க்காமலேயே 'கோயில்கள் ஒன்றைப்போல் ஒன்று' என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்!

சாலைவேந்தன்:
மழை பெய்ததற்கு நான் என்ன செய்வேன்?

நெவாநடை:
இரண்டாம் நாள் ஊருக்கு வெளியே போங்கள் சார். தெற்கே ஐந்தாறு கிலோமீட்டரில் வித்தொஸ்லாவ்லித்ஸி, பழைய மரக் கோயில்களையும் குடியானவர் வீடுகளையும் கிராமங்களிலிருந்து பெயர்த்துவந்து நிறுத்திய திறந்தவெளி அருங்காட்சியகம். பக்கத்திலேயே யூரியெவ் மடம். 1119-இல் தொடங்கிய அதன் ஜார்ஜ் பேராலயத்துக்கு மூன்று கும்மட்டங்கள், அவையும் சீராக இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். நகரப் பஸ் போகிறது, டாக்சியும் மலிவுதான். அங்கிருந்து பார்த்தால் இல்மென் ஏரியிலிருந்து வோல்கவ் புறப்படும் இடம் தெரியும். ஏரியில் நீர் குறைந்து கீழே துணையாறுகளில் வெள்ளம் வந்தால் இந்த ஆறு சில சமயம் திரும்பி ஏரியை நோக்கி ஓடும். இவ்வளவு பெரிய ஆறு எப்படித் திரும்பும் என்று அப்பா கேட்பார், தயாராகப் போங்கள். அவர் கேட்ட ரூரிக் மேடு ஆற்றுக்கு அந்தக் கரையில். நடக்க வேண்டாம், கிரெம்ளின் அருகிலிருந்து கோடையில் ஏரிவரை படகு விடுகிறார்கள், அதிலிருந்தே கரையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் கடைசியில் சூரியன் இரவு பத்து மணி தாண்டித்தான் மறையும். மதியம் இரண்டு மணி நேரம் அப்பாவைத் தூங்கவிட்டு மாலையில் கிளம்பினாலும் நேரம் இருக்கும். கொசு மருந்து மறக்க வேண்டாம். மடத்துக்குள் உங்கள் மனைவிக்குத் தலையை மூட ஒரு துணி, ஆண்களுக்குத் தலையில் எதுவும் கூடாது.

வைகைக்கரை:
முடிவாகிவிட்டது. மாஸ்கோவிலிருந்து இரவு ரயில், நோவ்கொரோத்தில் இரண்டு இரவு, பிறகு லாஸ்தச்கா. முதல் நாள் வானம் தெளிவாக இருந்தால் நேராக தியோஃபனெஸ், மழை என்றால் அருங்காட்சியகமும் கடிதங்களும், கோயில் மறுநாளுக்கு. மனைவி கட்சி மாறிவிட்டாள், ஓன்ஃபிம் செய்த வேலை. மகளுக்கு அந்த விலங்குப் படத்தை அனுப்பினோம், அவளும் வருகிறேன் என்கிறாள், அப்படியானால் குப்பே முழுதும் எங்களுக்கே.

முகவரிடம் விசா நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னதும் நோவ்கொரோத்தைப் பற்றி அவருக்குத் திடீர் அக்கறை வந்துவிட்டது. சிறப்புத் தொகுப்பு தருகிறாராம்.

இன்னும் ஒரே சந்தேகம். அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. பெயர்க் கட்டத்தில் தன் பெயரும் தாத்தா பெயரும் சேர்ந்து இருக்கிறது. விசாப் படிவத்தில் எதை எங்கே போடுவது?

கணக்குப்பிள்ளை:
தமிழர்களுக்கு என்றே வரும் சிக்கல்! பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும், கருவி படிப்பது அதைத்தான். அதில் இருக்கும் எழுத்துக்கூட்டலை மாற்றாமல் போடுங்கள். முன்னெழுத்தை விரிப்பது, வரிசையைத் திருப்புவது எதுவும் வேண்டாம். படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராவிட்டால், தளத்தின் உதவி முகவரிக்கு எழுதி அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள், அந்தப் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். பிறகு விமான டிக்கெட், ரயில் டிக்கெட், ஹோட்டல் மூன்றிலும் விசாவில் வந்த அதே பெயர். ரயிலில் ஏறும்போது பெட்டி வாசலில் நிற்கும் பணியாளர் பாஸ்போர்ட்டையும் பட்டியலையும் ஒத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

வைகைக்கரை:
உதவி முகவரிக்கு எழுதிவிட்டேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன், அடுத்து வருகிறவர்களுக்கும் ஆகும்.